அம்மா சிரித்த படம்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஐந்து மாதம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. சத்தம் போட்ட சண்டை எதுவும் கிடையாது. பாத்திரம் பறக்கவில்லை. ஒருநாள் அம்மா பேச்சை நிறுத்தினாள். அவள் நிறுத்தியதைக் கவனித்து அப்பாவும் நிறுத்திக்கொண்டார். நாகலூருக்குப் பக்கத்தில், காபி எஸ்டேட்டில் ஆட்கள் குடியிருக்கும் லைனில் எங்கள் வீடு என்பது ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல்கட்டும்தான். அதற்குள் இரண்டு பேர் பேசாமலிருப்பது அவ்வளவு எளிதான காரியமல்ல. அதனால் நடுவில் என்னை வைத்துக்கொண்டார்கள்.

“சோறு போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு” என்பாள் அம்மா. அப்பா அந்தத் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, “சோறு போட்டாச்சாம்பா” என்பேன். “உப்பு பத்தலைன்னு சொல்லு” என்பார் அப்பா. அம்மாவின் கை அதற்குள் உப்பு டப்பாவுக்குப் போயிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கிறவரை டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கும். சில சமயம் நானே ஒரு ‘ங்க’ சேர்த்து, கொஞ்சம் மரியாதை கூட்டிச் சொல்வேன். அதை இரண்டு பேரும் கண்டுகொண்டதாகக் காட்டியதில்லை.

எனக்குத் தெரிந்தவரை இதற்கெல்லாம் காரணம் ஒரு சினிமா.

அதற்கு முந்தின மார்கழியில், பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், எங்கள் எஸ்டேட்டுக்குப் படம் பிடிக்க வந்தார்கள். பதினோரு நாள் இருந்தார்கள். காதலும் சிரிப்புமாக ஒரு கதை என்று மேஸ்திரி எல்லோருக்கும் சொன்னார். பட்டணத்துப் பையன் ஒருவன் எஸ்டேட் முதலாளியின் மகளைப் பார்த்து மயங்கிப்போய், அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதற்காகப் பழம் பறிக்கும் ஆளாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். அவனுக்குச் செடியும் தெரியாது, பழமும் தெரியாது. படக்காரர்களுக்கும் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துபோனது. தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிற மூங்கில் கூடை இருபது கொண்டுவந்து இறக்கினார்களாம். “இது தேயிலைக்குங்க. நாங்க இடுப்புல பை கட்டித்தான் பறிப்போமுங்க” என்று பெண்கள் சொன்னதற்கு, “படம் பாக்கிறவங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்று பதில் வந்ததாம். எல்லாவற்றுக்கும் நான் ‘ஆம்’ போட்டுச் சொல்வதற்குக் காரணம், பிள்ளைகள் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை என்பதுதான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ என்ற நினைப்போடு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

கூடை மாட்டிக்கொண்டு நிற்பதற்கு இருபது பெண்களைப் பொறுக்கினார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. மற்றவர்கள் வரிசையாக நின்றதோடு சரி. அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை கொடுத்தார்கள். கதாநாயகன் சேற்றில் வழுக்கிக் கூடையோடு உருள வேண்டும். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவள் முகம் மட்டும் திரை நிறையத் தெரியும் என்று சொன்னார்களாம். “ஒம்பது தரம் சிரிக்கச் சொன்னாங்க” என்று அம்மா அதன் பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாகலூர் கடையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியில் சொன்னாள். லைனில் அவளுக்கு ‘நடிகை’ என்று பேராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதுபோல் காட்டிக்கொள்வாள். ஆனால் திரும்பிப் பார்ப்பாள்.

அப்பாவும் அந்தப் படத்தில் வேலை செய்தார். வெயிலை வாங்கி நடிக்கிறவர்களின் முகத்தில் அடிப்பதற்கு வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகை ஒன்று உண்டு. அதை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. பலகை பிடித்தவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

படம் அடுத்த ஆனி மாதம் வெளியானது. சேலத்தில் ஒரே ஒரு தியேட்டரில் போட்டிருந்தார்கள். அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து வெளியே வைத்தாள். அப்பா, “ஞாயித்துக்கெழமை போலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது டிராக்டரில் ஏதோ கோளாறு, அவரில்லாமல் முடியாது என்றார். புதன்கிழமை போகலாம் என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டார். வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் வேறு படம் போட்டுவிட்டார்கள். ஏழே நாள். அதோடு அந்தப் படத்தின் பேச்சே எங்கும் இல்லை. திருட்டு சிடிக்காரர்கள்கூடத் திருடத் தோன்றாமல் விட்டுவிட்ட படம் அது.

அம்மா சேலையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருத்தி உண்டு. சொந்தமில்லை, லைனில் மூத்தவள் என்பதால் பெரியம்மா. குழாயடியில் அவள் அம்மாவிடம், “ஆம்பளைங்க அப்பிடித்தான் புள்ள. பொண்டாட்டியை நாலு பேரு பாத்தா அவங்களுக்கு ஆகாது. அதான் கூட்டிட்டுப் போகல” என்று சொன்னதை நான் குடத்துக்குப் பின்னாலிருந்து கேட்டேன். எனக்கு அது விளங்கவில்லை. தினமும் எஸ்டேட்டில் நூறு பேர் அம்மாவைப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். சில நாள் அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன், அந்த ‘அப்பிடித்தான்’ எங்காவது தெரிகிறதா என்று. மீசைதான் தெரிந்தது.

ஐப்பசி கடைசியில், ஒரு சனிக்கிழமை, மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடிவாரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பைக்கின் பின்னால் ஒரு டிவிடி பிளேயரைத் துண்டில் சுற்றி, குழந்தையைக் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு தட்டையான பெட்டியை உருவி அம்மாவின் மடியில் வைத்தார்.

“பாருக்கா. உம்படம். சிடி வந்திருச்சு. ஒரிஜினலு.”

அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். முன்பக்கத்தில் கதாநாயகி தேயிலைக் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தான். அம்மா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவில் நான்கைந்து படங்கள். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் இல்லை. ஆனால் அத்தனை சின்னப் படத்தில் யாரைத்தான் போட முடியும்?

கீழே பொடி எழுத்தில் ‘இதுவரை பார்க்காத காட்சிகளுடன்’ என்று போட்டிருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம். “நாம ஒரு காட்சியும் பாக்கலையே மாமா. எல்லாமே பாக்காததுதானே?” என்று கேட்டேன்.

“அது சும்மா போடுவாங்க சாமி, விக்கிறதுக்கு” என்றார் மாமா.

அப்போது அப்பா வேலை முடிந்து வந்தார். மாமாவின் முகத்தையும் பிளேயரையும் அம்மாவின் மடியையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு நடந்ததெல்லாம் எனக்கு விசித்திரமாக இருந்தது. மச்சினன் வந்தால் வழக்கமாக அவர் முகம் மலரும். அன்று, “வாங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க மச்சான். லைன்ல எல்லாரையும் கூப்பிட்டு, பதினோரு மணிக்குப் போட்டுருவோம்” என்றார் மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். “கரண்டு நொம்ப ஏறி எறங்குது, டிவி வீணாப்போயிரும்னு சொல்லு கண்ணு.”

நான் சொன்னேன்.

“கவருமெண்டு சும்மா குடுத்த டிவிதான், போனாப் போவுதுன்னு சொல்லு” என்றாள் அம்மா.

“லைன்ல எல்லாரையும் எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டு? மொதல்ல நாம மட்டும் பாத்துக்கலாம். அப்புறமா மத்தவங்களைக் கூப்பிட்டுக்கலாம்னு சொல்லு.”

அந்த ஐந்து மாதத்தில் அவர் என் மூலமாக அனுப்பிய மிக நீளமான சேதி அதுதான். அம்மாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். சிடி அட்டையைக் கீழே வைத்தாள்.

“ஏன், நாலு பேரு பாத்தா அவருக்கு என்னவாம்னு கேளு.”

நான் கேட்டேன்.  அப்பா, குளிக்கிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் குழாயடிக்குப் போனபோது அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த சிடி இருந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தாரோ தெரியாது. அதன் பளபளப்பான பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

“ஏங்கண்ணு, இதுல கீறல் விழுந்துட்டா ஓடாதில்ல?”

“கொஞ்சமா விழுந்தா ஓடும்பா. சுத்தமா கீறிட்டா ஓடாது. நிக்கும், அப்புறம் தாண்டிப் போகும்” என்று நான் தெரிந்தவளாக விளக்கினேன். ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சிடியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிடியைச் சட்டைத் துணியால் மெல்லத் துடைத்து என்னிடம் கொடுத்தார். “பத்திரமா வெச்சிரு” என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு எங்கள் ஓர் அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கட்டிலை வெளியே போட்டாகிவிட்டது. பிள்ளைகள் டிவிக்கு முன்னால், பெண்கள் பின்னால், ஆண்கள் வாசலிலும் ஜன்னலிலும். பெரியம்மா நடுவில் சுவரில் சாய்ந்து நல்ல இடமாகப் பிடித்திருந்தாள். அம்மா அந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். ரிமோட்டில் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதால் அது என் கையில் இருந்தது.

படம் ஆரம்பித்தது. கதையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. “அது நம்ம பம்பு செட்டு!” “அந்தா, ஆபீஸ் கேட்டு!” என்று ஒரே கூச்சல். இருபது பெண்களும் கூடையோடு நடந்துபோகும் காட்சி வந்தது. முதுகுகள்தான் தெரிந்தன. எது யார் முதுகு என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. மேஸ்திரியின் நாய் மூன்று காட்சிகளில் வந்தது. ஒன்றில் கேமராவையே பார்த்து நின்றது. அதற்குக் கைதட்டினார்கள்.

கதாநாயகன் வேஷம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். கூடையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். “இப்பத்தான், இப்பத்தான்” என்று அம்மா சொன்னாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். டிவியிலிருந்து யாரோ அவளைப் பார்க்கப்போவதுபோல அது இருந்தது.

வாசற்படியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. யாரிடம் என்றில்லாமல், மெதுவாகச் சொன்னார்.

“அது வராதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் கதாநாயகன் சேற்றைப் பார்த்து ஒரு காலைத் தூக்கினான். அடுத்த நொடி, பனி மூடிய ஏதோ ஒரு நாட்டில் அவனும் கதாநாயகியும் கோட்டு போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு.

 “கண்ணு சிமிட்டுறதுக்குள்ள போயிருக்கும். திருப்பிப் போடு சாமி” என்று யாரோ சொன்னார்கள். திருப்பினேன். கால். பனி. மறுபடி திருப்பினேன். கால். பனி. மூன்றாம் முறை மாமா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி மெதுவாக ஓடவிட்டார். அந்தக் கால் சேற்றில் பதிவதற்கு முன்னாலேயே பனி வந்தது.

பெரியம்மா தொண்டையைச் செருமினாள். “ஏம்புள்ள, நீ நெசமாலுமே நடிச்சியா?”

அதை அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்டாள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கேட்டாள், அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அம்மாவின் காதோரம் சிவந்தது. அவள் பெரியம்மா பக்கம் திரும்பவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“வராதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். வழக்கம்போல அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்புறம்தான், அம்மா கேட்டது என்னிடமில்லை என்பது உறைத்தது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

“நான் பாத்துட்டேன் புள்ள.”

“எப்ப?”

“மோட்டார் பெல்ட்டு வாங்கச் சேலம் போனேனே, அன்னிக்கு. மொத நாளு.”  இருபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எப்பிடி வந்திருக்குதுன்னு ஒரு தரம் நானு முன்னாடியே பாத்துட்டு, அப்புறம் உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னுதான் போனேன். காலையாட்டம் பாத்தேன், வரல. நடுவுல கண்ணு அசந்துட்டேனோன்னு மறுபடி மத்தியான ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்து உக்காந்தேன். அப்பவும் வரல.”

“வந்து சொல்றதுக்கென்ன?”

“நீ ஊர்பூராச் சொல்லி வெச்சிருந்த.” அவர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சேலையெல்லாம் எடுத்து வெச்சிருந்த.”

அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மூடி கீழே விழுந்து, சுற்றி, ஓய்ந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் சோறு இருப்பது ஒவ்வொருத்திக்கும் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகப் பெரியம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “வர்றேன் சாமி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா மட்டும் சுவரில் சாய்ந்து, இது தன் தப்புதான் என்பதுபோல, கடைசிவரை பார்த்தார். காதலர்கள் சேர்ந்தார்கள். பெயர்கள் ஓடின. நான் அம்மாவின் பெயர் வருமா என்று பார்த்தேன். எழுத்துகள் எறும்பு போல ஏறிப்போயின. ஒன்றையும் படிக்க முடியவில்லை.

பெயர்கள் முடிந்ததும் திரையில் கதாநாயகியின் படமும் அதன் கீழே நான்கு கட்டங்களும் வந்து நின்றன. ‘படம்’, ‘பாடல்கள்’, ‘ஒலி’ என்று மூன்று. நான்காவதில் ‘இதுவரை பார்க்காத காட்சிகள்’ என்று இருந்தது. அட்டையில் படித்த அதே வரி.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அம்மா வருகிற இடத்தை வெட்டிவிட்டார்கள் என்றால், வெட்டிய துண்டு எங்கே போகும்? துணியை வெட்டினால் துண்டு கீழே விழுந்து கிடக்கும். முடியை வெட்டினாலும் கிடக்கும். அம்மா ஒன்பது தரம் சிரித்தது எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்? மாமாவின் கைக்குப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து நான்காவது கட்டத்துக்குப் போய் அழுத்தினேன்.

முதலில் கதாநாயகன் வசனத்தை மறந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு கதாநாயகி குடைக்கடியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தாள். யாரோ ஓடினார்கள், யாரோ கத்தினார்கள். பிறகு எங்கள் தோட்டத்துச் சரிவு. கூடை மாட்டிய பெண்கள். கதாநாயகன் சேற்றில் உருண்டான். உடனே திரை நிறைய அம்மாவின் முகம்.

அவள் கேமராவைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடி, உதட்டை மட்டும் விரித்துச் சிரித்தாள். போட்டோ எடுக்கும்போது எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு. “இன்னொரு தரம்மா” என்று ஒரு குரல். மறுபடி அதே சிரிப்பு. “நல்லா சிரிங்கம்மா!” மறுபடி அதே. அப்போது அவள் கண் கேமராவை விட்டு விலகி, பக்கத்தில் எதையோ பார்த்தது. முகத்திலிருந்த வெளிச்சம் லேசாக ஆடியது. அம்மாவின் வாய் கோணியது. வெளிச்சம் கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறி, அங்கிருந்து மரத்துக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்து குதித்தது. “லைட் ஆடுது! யாருய்யா அங்க?” என்று யாரோ கத்தினார்கள். அம்மா வெடித்துச் சிரித்தாள். கூடை சரிந்து தோளில் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. “ஐயோ... ஐயோ...” என்று மூச்சு வாங்கினாள்.

அந்த மாதிரி அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு அவளே கையில் கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் வாசற்படியில் அப்பா. நடுவில் டிவியில் இன்னோர் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரைப் பாத்தும்மா இப்பிடிச் சிரிக்கிற?” என்று கேட்டேன்.

 மாமா வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் சொன்னார்:

“செவ்வெறும்பு.”

 அம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

“பலகையைக் கீழ போடக்கூடாதுன்னு அந்தப் படக்கார ஆளு சொல்லிட்டுப் போயிட்டானுங்க மாப்ள” என்று அப்பா மாமாவிடம் சொன்னார். “நான் நின்னது எறும்புப் புத்து மேல. கால்ல ஏறுது, முட்டிக்கு ஏறுது, வேட்டிக்குள்ள...” அதற்கு மேல் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் தன்னையறியாமல் கையில் பலகை இருப்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக் காட்டினார். அம்மா அப்படியே கதவு நிலையில் சாய்ந்து கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். டிவியில் இருந்தவளும் நிலையில் உட்கார்ந்தவளும் ஒரே மாதிரி “ஐயோ ஐயோ” என்றார்கள்.

நாங்கள் அதை ஐந்தாறு தரம் போட்டுப் பார்த்தோம். அப்பா எங்கேயும் தெரியவில்லை. ஒவ்வொரு தரமும் வெளிச்சம் குதிக்கிற இடம் வந்ததும், “இப்பத் தொடையில” என்பார் அப்பா. அம்மா, “போதும் விடுங்க” என்பாள். ஆனால் என்னிடம், “இன்னொரு தரம் போடு” என்பாள்.

மாமாவுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். “இருக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நெசமாலுமே நடிச்சியான்னு கேட்டாங்கல்ல, அந்தம்மாவை மொதல்ல கூட்டியாறேன்.”

“வேண்டாண்டா” என்றாள் அம்மா.

“ஏன்க்கா? முழுசா இருக்குதே! இத்தனை பேரு முன்னால கேட்டாங்களே!”

“கேட்டாக் கேட்டுட்டுப் போறாங்க. நீ உள்ள வா. சாப்பிட்டுட்டுப் போ.”

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல்தான் சண்டை என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லாமல் மறைத்ததற்கும், ஐந்து மாதத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய சண்டை வர வேண்டும் அல்லவா? அவள் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“காலையாட்டம், மத்தியான ஆட்டம், ரெண்டும் அடுத்தடுத்து உக்காந்திருக்கீங்க. அன்னிக்குச் சாப்பிட்டீங்களா, இல்லையா?”

“ஒரு டீ குடிச்சேன்” என்றார் அப்பா.

“டீ!” என்று அம்மா கோபமாகச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் சண்டை.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் நிற்கும் வளைவுவரை நான் அம்மாவோடும் மற்றப் பெண்களோடும் நடந்து போனேன். பனி விலகாமல் சில்வர் ஓக் மரங்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன. பெரியம்மா வந்து சேர்ந்துகொண்டாள். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல. “பாவம் புள்ள. உன்னை வெட்டிப்புட்டாங்களே” என்றாள். மற்றவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்காதவர்கள்போலப் பார்த்தார்கள். இதற்குத்தானே காத்திருந்தேன் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் கையை அழுத்திப் பிடித்தது.

“ஆமாங்க்கா. வெட்டிப்போட்டாங்க” என்றாள் அம்மா. ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு இடுப்பில் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் இருந்த ஏற்காடு போய்ச் சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஏறக்குறைய ஒரு வருடம் காத்துக்கிடந்த ஒன்றை, கையில் கிடைத்த மறுநாளே ஒரு பெண் எதற்காக யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்கிறாள் என்பது, எத்தனை வளைவு திரும்பியும் எனக்குப் பிடிபடவே இல்லை.